கறுப்புத் துணி போர்த்திய தொட்டி

நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். என்னை நம்பிக் கேட்ட ஒருவரின் மீன்தொட்டியை அந்தப் பொய்யால் பாழாக்கினேன்.

ஆனால் முதலில் என் தொட்டியைப் பற்றிச் சொல்லவிடுங்கள்... அதைச் சொல்லாமல் எனக்கு இந்தக் கதை தொடங்கவே வராது! வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது ஓர் அதிகாரி விற்றுவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி அது. நான் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். உள்துறைமுகத்து நீரில் எண்ணெய் மிதக்கும் என்பதால், ஞாயிறுதோறும் சைக்கிளில் கலன்களைக் கட்டிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய்த் தண்ணீர் அள்ளி வருவேன். எங்கள் பக்கத்தில் கடல்மீனை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பார்க்க வந்தவர்கள் கோயிலுக்குள் நுழைவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள்.

பிறகு பாசி பிடித்தது. கண்ணாடி, கல், மணல் எங்கும் தலைமயிர்போலப் பச்சைப் பாசி. சுரண்டச் சுரண்டத் திரும்ப வந்தது. ஒருமுறை வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, சுண்ணாம்பு விழாமலிருக்கத் தொட்டியின்மேல் பழைய கறுப்புத் துணியொன்றைப் போர்த்தினேன். நாலைந்து நாள் கழித்து எடுத்தால்... பாசி வெளிறிச் செத்துக் கிடந்தது! மீன்களுக்கு ஒன்றுமில்லை. வெளிச்சம்தான் பாசிக்குச் சோறு என்று அன்று கண்டுபிடித்தேன். எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டேன்! அதன்பிறகு பச்சை தலைகாட்டும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தித் துணியைப் போர்த்திவிடுவேன். யாருக்கும் சொல்லவில்லை.

கிண்ணியாவில் கடை வைத்திருந்த சுலைமான் நானா என் தொட்டியைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று செய்வித்தார். என்னுடையதைவிடப் பெரியது. கடலில் மூழ்கி மீன் பிடிக்கும் சுழியோடி ஒருவரைப் பிடித்து, செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட மீன்களை அதில் வாங்கி விட்டார். சனம் தோணியேறிக் கிண்ணியாவுக்குப் போகத் தொடங்கியது. என் கந்தோரிலேயே அந்த மீன்களின் கதைதான். எனக்கு வயிறு எரிந்தது... மறைப்பானேன்?

அவருடைய தொட்டியிலும் பாசி பிடித்தது. நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்கட தொட்டி மட்டும் எப்பிடி இவ்வளவு துப்புரவா இரிக்கு?"

"உங்கட தொட்டிக்கு வெளிச்சம் காணாது, நானா, இன்னும் வேணும். ஜன்னலடிக்குத் தள்ளி வையுங்கோ."

வாய் தவறி வந்ததா? இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அவர் போனபின், அந்த மனிதர் நம்பித்தானே கேட்டார் என்றாள் என் மனைவி. நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அவர் தொட்டியை ஜன்னலடிக்கு மாற்றினார். பாசி மண்டியது, தண்ணீர் கெட்டது, மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சிய இரண்டையும் வாளியில் கொண்டுவந்து என்னிடம் தந்தார். தனக்குக் கைராசி இல்லையாம். என்னிடம் இருந்தால் பிழைக்குமாம். பிழைத்தன! வருடக்கணக்கில் வாழ்ந்தன. அவற்றைப் பார்க்கச் சனம் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தது.

சுலைமான் நானாவும் வருவார். கதிரையில் உட்கார்ந்து தன் மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் வந்துவிட்டார். தொட்டி கறுப்புத் துணிக்குள் இருந்தது. துணியைப் பார்த்தார். சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருட்டிலயா வைக்கிறீங்க, தம்பி?"

"ஓம், நானா."

நான் துணியை நீக்கினேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம்... வாயையும் திறந்தேன். ஆனால் அந்தக் கண்ணாடி! ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அவருடைய மீன்கள் இரண்டும் அதற்குள் பளபளவென்று திரிந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் பாராட்டுவார் என்று காத்துநின்றேன்.

"நல்ல துப்புரவு" என்றார். என் மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். பிறகு வரவேயில்லை.

சொன்னால் நம்புவீர்களோ... அந்தச் சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சு நிமிர்ந்தது. இன்றைக்கும் அதை நினைக்கும்போது, வெட்கம் வருவதற்கு முன்னால், நெஞ்சு ஒருமுறை நிமிர்ந்துவிடுகிறது.