அன்பரசு லோன்

தெருவில் பைக் சத்தம் கேட்டால் சகாயமேரி அக்காவின் வலது கை ராட்டையிலேயே நின்றுவிடும். பட்டிழை அறாதபடி இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பைக் வீட்டைத் தாண்டிப் போன பிறகுதான் நூல் சுற்றும் தார்க்குச்சி மறுபடி சுழலும். சேவூரில் பைக்குக்குப் பஞ்சமா? வேலை நகரவே நகராது.

அக்கா பயந்தது அன்பரசுவின் வண்டிக்கு. மகளிர் குழுக் கடன் வசூலிக்கத் தெள்ளாரிலிருந்து வருகிறவன். எங்கள் தெருவில் கடனைக் கம்பெனி பெயரால் யாரும் சொல்வதில்லை. வசூலுக்கு வரும் ஆளின் பெயர்தான் கடனுக்கும். சார்லி லோன் முடிந்து, இப்போது அன்பரசு லோன்.

சிக்குன்குனியா வந்து விரல் மடங்காமல் கிடந்தபோது அக்காவின் தவணை நின்றது. அதிலிருந்து விளக்கு வைத்ததும் வாசலில் வந்து நிற்பான்.

“இன்னாக்கா, டீவி மட்டும் ஓடிகினு கீது?”

“கை ஓடலை சார். அடுத்த வாரம் பாக்கலாம்.”

“என் பொண்டாட்டிகிட்ட நானும் அதையேதான் சொல்லிகினு கீறேன்.”

எதிர்வீட்டில் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தவக்காலம் முடிந்ததும் மகளைப் பெண் பார்க்க வந்தவாசியிலிருந்து வருவதாக இருந்தார்கள். அந்த நேரத்தில் இவன் வந்து நின்றால் அவ்வளவுதான்.

ஆரணியில் நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டருக்கு அக்கா வந்தாள்.

“தம்பி, ரிசர்வ் பேங்க்ல சொன்னா கேப்பாங்களாமே?”

“மொதல்ல கம்பெனிக்கு எழுதணும்க்கா. ஒரு மாசம் பாத்துட்டு அப்புறம்தான் அங்க.”

“பேஜாருக்கும் ஒரு மாசமா?” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதினோம். பதில் இல்லை. மாதம் கழிந்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுத உட்கார்ந்தோம்.

“யார் மேல புகார்?”

“அன்பரசு மேல.”

“கம்பெனி பேரைச் சொல்லுக்கா.”

“அதான் சொல்றனே, அன்பரசு!”

அவளுடைய தவணை அட்டையைப் பார்த்துக் கம்பெனி பெயரைப் போட்டேன். ஆனால் அவள் சொல்லச் சொல்ல அடித்ததில், புகார் முழுக்க அன்பரசுதான் இருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வசூல் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதியையும் சேர்த்தேன்.

அங்கிருந்து கேள்வி போனதும் கம்பெனி பதில் எழுதியது: விதியை மீறிய ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். புகார் முடித்துவைக்கப்பட்டது. கம்பெனியை வேறெதுவும் யாரும் கேட்கவில்லை.

வந்தவாசிக்காரர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. “கர்த்தர் கண்ணைத் தொறந்துட்டாரு தம்பி” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வசூலுக்கு இப்போது மதிவதனி என்ற பெண் வருகிறாள். ஜெராக்ஸ் எடுக்க எங்கள் கடைக்கு வந்தபோது, அக்காவின் பழைய பாக்கியை எப்படிக் கட்டுவது என்று கேட்டுவைத்தேன்.

“பாக்கியா? அவங்க கணக்குல ஒரு வாரத் தவணைகூட நிக்கலையே. நின்னா எங்க சம்பளத்துல கை வெப்பாங்கன்னு அன்பரசே கைக்காசைப் போட்டுக் கட்டிட்டாரு. அதைத் திருப்பிக் கேக்கத்தான் டூட்டி முடிஞ்சி அவங்க வீட்டுக்குப் போயிகினு இருந்தாரு.”