அம்மாவின் கல்லறையில் ஒரு கருப்பு மிளகாய்ச் செடி

நான் வேலை பார்க்கும் கல்லூரியின் வாசலில் வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். சீசனுக்கு ஒரு செடி. ஓசூரிலிருந்து நர்சரி வண்டி வரும். இருப்பதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ஏற்கெனவே பூத்து நிற்பதைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போவார்கள். நன்றாக இருக்கிற செடியைப் பிடுங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆபீஸ் உதவியாளர் வேலையில் இருப்பவள் அதையெல்லாம் கேட்கவா முடியும்? வாயை மூடிக்கொண்டு இருந்து, சாயங்காலம் குப்பையைக் கிளறி, உயிர் இருப்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்தக் கருப்பு இலை மிளகாய் என்னிடம் வந்தது அப்படித்தான்.

இலை, தண்டு எல்லாம் கருப்பு. பூ ஊதா. காய்கள் சுண்டைக்காய் அளவில் கொத்துக் கொத்தாக வானத்தைப் பார்த்து நிற்கும். முதலில் அவையும் கருப்பாகப் பளபளக்கும், பழுக்கும்போது ரத்தச் சிவப்பாகிவிடும். வெயில் குறைந்த இடத்தில் வைத்தால் இலை பச்சையடித்துச் சாதாரண மிளகாய் மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? காரிமங்கலத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் அது கல்லூரியில் இருந்ததைவிடக் கருப்பாக வளர்ந்தது.

அம்மா நன்றாக நடமாடிய காலத்தில் ஒருமுறை என் வீட்டுக்கு வந்திருந்தபோது அதைப் பார்த்தாள்.

"இது மொளகாயா? எப்பப் பறிக்கணும்?"

"பறிக்க வேணாம்மா. சும்மா பாக்கறதுக்குத்தான்."

"பறிக்கவே வேணாமா? அட சாமி! இப்புடி ஒரு மொளகா இருக்கறது தெரியாமப் போச்சே!"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், அடுத்தவர் காட்டில் கூலிக்கு மிளகாய் பறித்தே என்னையும் அண்ணனையும் வளர்த்தவள் அவள். பறித்துவிட்டு வந்த நாட்களில் விரல் எரிச்சல் தாங்காமல் மோர்ச் சட்டியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பறிக்க வேண்டாத மிளகாய் அவளுக்கு அவ்வளவு பெரிய வேடிக்கையாக இருந்தது. நாள் முழுக்க மாடிக்குப் போய்ப் போய்ப் பார்த்தாள்.

அப்புறம் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாயில் குழாயைச் சொருகினார்கள். நாலாம் நாளே அண்ணன், "போதும் பாப்பா, வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாம். நம்ம மொகத்தப் பாத்துக்கிட்டே போவட்டும்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று பிடிவாதம் பிடித்தேன். குழாயோடே போய்விட்டாள். அடக்கத்தன்று அண்ணன் எல்லோர் முன்னாலும், "ஒரு வார்த்த பேச வுடாம அனுப்பிட்டியே" என்றான். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

என்னைவிட ரெண்டு வயதுதான் மூத்தவன். வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட எனக்கு அவனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணமாட்டேன். நான் வீம்பு பிடித்தவள். அம்மாவை நான் கொன்றுவிட்டது மாதிரி பேசியவன் அவன், அவன்தான் முதலில் பேச வேண்டும் என்று ரெண்டு வருஷம் இருந்தேன். அவனும் அதே வயிற்றில் பிறந்தவன்தானே, அசையவில்லை.

நவம்பரில் மூன்றாவது கல்லறைத் திருநாள் வர இருந்தது, மே மாதமே எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லோரும் சாமந்தி மாலை போடுவார்கள், மறுநாள் காய்ந்துவிடும். அம்மாவுக்கு அந்த மிளகாய்த் தொட்டியை வைக்கலாம். அண்ணன் பார்ப்பான். யார் வைத்தது என்று யோசிப்பான், செடிப் பைத்தியம் யார் என்று அவனுக்குத் தெரியாதா? அதைச் சாக்கு வைத்தாவது ஒரு வார்த்தை பேசமாட்டானா?

இதற்காக ஜூனிலேயே விதை போட்டேன். ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன், அப்போதுதான் பக்கக் கிளை வரும். எருவை அதிகம் போட்டால் இலையாகத் தழைத்துக் காயே பிடிக்காது, அளந்து போட்டேன். பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, சிமெண்ட் தொட்டி என்று பதினெட்டு செடி நின்றது. அக்டோபர் மழையில் வேர் அழுகிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். நவம்பர் ரெண்டாம் தேதிக்குப் பாதிக் காய் சிவந்து, பாதி கருப்பாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண் தொட்டிக்கு மாற்றிக்கொண்டேன்.

விடிகாலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "என்னாங்கக்கா, மொளகாச் செடிக்குக் கருப்பு பெயிண்ட் அடிச்சுட்டீங்களா?" என்றார் கண்டக்டர். எனக்கும் சிரிப்பு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் அந்நேரத்துக்கு யாரும் இல்லை. அம்மாவின் தலைமாட்டில், சிலுவையை ஒட்டித் தொட்டியை வைத்தேன். வெள்ளையடித்த கல்லறை மேல் கருப்பு இலையும் சிவப்புக் காயும் எவ்வளவு அழகாக இருந்தது! சாயங்காலம் மாதா கோயில் சாமியார் வந்து கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும்போது அண்ணன் குடும்பத்தோடு வருவான். நான் நின்றால் நானாக வலிய வந்தது போல ஆகிவிடும். ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போன் அடித்தது. அண்ணன் பெயர்.

"பாப்பா."

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை.

"பாப்பா, அம்மா கல்லறையில எவனோ செய்வினை வெச்சுட்டான். தலமாட்டுலயே. கருகருன்னு எல, ரத்தமாட்டம் மொளகா. அப்புடி ஒரு செடிய எங்கயுமே பாத்ததில்ல. தூக்கிட்டுப் போயி சொவுத்துக்கு அந்தாண்ட பைக்குல இருந்து பெட்ரோல எடுத்து ஊத்திக் கொளுத்தினோம். நெடியே வரல பாப்பா!"

நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்தான். ஆனால் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவது எங்கள் ஊரில் எந்த வீட்டில் இல்லை? நெடியேறித் தும்மினால் ஒன்றுமில்லை. நெடி வராவிட்டால் கெட்டது பலமாக இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த மிளகாய்க்கு உள்ள கணக்கு அது. பச்சைச் செடியைப் பெட்ரோல் ஊற்றித் திறந்த வெளியில் கொளுத்தினால் எங்கிருந்து நெடி வரும்? பெட்ரோல் வாடைதான் வரும்.

பிரசவத்துக்கு வந்திருந்த அவன் மகளுக்கு ஏழாம் மாதம். செடியைக் கொளுத்திய அன்று ராத்திரியே வயிற்று வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "இப்பப் பரவால்ல. ஆனா எனக்கு ஒன்ன நெனச்சாத்தான் பயமா இருக்குது. தனியா இருக்கற. நம்ம குடும்பத்துக்கேதான் வெச்சுருக்கறான். ஞாயித்துக்கெழம நானும் அண்ணியும் வர்றோம்" என்றான்.

அது நான் வைத்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் மறுபடி, "சாப்புட்டியா பாப்பா?" என்றான். "ம், சாப்புட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை மாடிக்குப் போய், காய் பிடித்து நின்ற பதினேழு செடியையும் வேரோடு பிடுங்கினேன். அண்ணன் மாடிக்கு வந்து பார்த்துவிட்டால் என்ன ஆவது? துண்டு துண்டாக நறுக்கிச் சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினேன். கல்லூரிக்காரர்களை அத்தனை நாள் மனதுக்குள் திட்டியவள், ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். அழுதேன்தான். ஆனால் அண்ணன் வருகிறானே என்ற நினைப்பில் அந்த அழுகையும் லேசாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் நாட்டுக்கோழியோடு வந்தார்கள். அண்ணியே குழம்பு வைத்தாள். தட்டில் கையை வைத்தபடி அண்ணன், "அன்னிக்கு நான் அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது. நீயும் அம்மா பொழைக்கணும்னுதான பாத்த" என்றான். இது போதும், இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

கை கழுவிவிட்டு வந்து அண்ணி சொன்னாள்: "வெச்சது யாருன்னு தெரிஞ்சு போச்சு. பக்கத்து வூட்டுப் பெரியம்மாதான். கல்லறைத் திருநாளுக்கு மொத நாள் சாயங்காலம் தனியாப் போயி அத்த கல்லறையில மெழுகுத்திரி ஏத்துனத நாலு பேரு பாத்துருக்கறாங்க. எங்களோட காட்டுக்குப் போற தடத்துச் சண்ட இருக்குதில்ல, அந்தக் காட்டம். நேத்துல இருந்து கொழாயடியில அவ கொடத்த யாரும் வெக்க வுடறதில்ல. நாளைக்கு மாதா கோயில்ல நிறுத்திச் சத்தியம் கேக்கப் போறோம்."

அந்தப் பெரியம்மாதான் அடக்கத்தன்று அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டவள். ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நினைக்கத்தான் செய்தேன். அப்புறம் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அது நான் வெச்சது."

சொன்னதால் ஒரே ஒரு நல்லது நடந்தது. பெரியம்மாவின் குடத்தை அன்று சாயங்காலமே குழாயடியில் விட்டார்களாம். மற்றதெல்லாம் கெட்டுத்தான் போனது.

"வெளையாடாத" என்றான் அண்ணன்.

"இல்லண்ணா. அழகுச் செடி அது. எங்க காலேஜ் வாசல்ல வெப்பாங்க. அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுது. மாடியில நெறைய வெச்சுருந்தேன், வா காட்டறேன்" என்று எழுந்தவள், பாதிப் படியிலேயே நின்றேன். காட்ட என்ன இருக்கிறது? மேலே போனோம். கிளறிய மண்ணோடு தொட்டிகள் வெறுமையாக நின்றன.

"எங்க?"

"புடுங்கிட்டேன். நேத்து."

"ஏன் புடுங்குன?"

"நீ வர்றேன்னு."

போனை எடுத்து, அக்டோபரில் எடுத்த படங்களைத் தேடிக் காட்டினேன். அண்ணி எட்டிப் பார்த்தாள். "இதேதான்! இதே எல!" என்றவள் ரெண்டடி பின்னால் போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அம்மாடி, புள்ளத்தாச்சி இருக்கற வூடுன்னுகூடப் பாக்கலியே!"

"ஐயோ அண்ணி, சத்தியமா இல்லீங்க. பறிக்க வேணாத மொளகான்னு அம்மா சிரிச்சாங்க. அதுக்காகத்தான் வெச்சேன்."

அண்ணன் அண்ணியைப் பேச வேண்டாம் என்று கையமர்த்தினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"எம்மேல அவ்ளோ கோவமா பாப்பா ஒனக்கு?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் கேட்டது கோபத்தைப் பற்றி. ரெண்டு வருஷமாக என் வயிற்றில் கிடந்தது கோபம்தானே? அந்த நினைப்பில் ஒரே ஒரு நொடி தடுமாறிவிட்டேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லண்ணா" என்று நான் சொல்லும்போது அவன் படியிறங்கத் தொடங்கியிருந்தான்.