நண்பர் தந்த பட்டர்

கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைதான் பட்டர். அலுவலக நண்பர் புதிதாக ஒன்று வாங்கியதும், தன் பழைய பட்டரை எனக்குத் தந்துவிட்டார். சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அதையும் என்னுடையதையும் மாறிமாறித் தட்டிப் பார்த்தேன். அவருடையதில் பந்து நேராக ஓடியது; என்னுடையது கைக்குப் பழகியிருந்தது. ஒரு வாரமாக முடிவெடுக்க முடியவில்லை.

"கீழ்வீட்டுக்காரங்க கம்ப்ளைன் பண்ணப்போறாங்க, ஏதாவது ஒண்ணை எடுங்க," என்றாள் மனைவி. எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை தேக்கா சந்தைக் கடையில் ஆளுக்கொரு கோப்பை தே குடிக்கும்போது நண்பர் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. அந்தப் பட்டரைத் திருப்பித் தர்றீங்களா? புதுசுல ஒண்ணுகூட விழ மாட்டேங்குது லா."

சிரிப்பை அடக்கத்தான் சிரமப்பட்டேன்.

ஞாயிறன்று அவரவர் பழைய பட்டரோடு ஆடினோம். இருவருக்குமே பந்து எளிதில் குழிக்குள் விழவில்லை; கடைசியில் நான்தான் தோற்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் தோற்றதே இல்லை.