சுவரோரம் நின்ற மங்கையர்க்கரசி

சென்ற மாதம் ஒரு காலையில், நீதிமன்றத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது குன்றாண்டார்கோவிலிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் வழக்கறிஞர் மங்கையர்க்கரசியின் தம்பி. "அக்கா போயிருச்சுங்க சார். காபி கொண்டுபோய் எழுப்புறேன், எந்திரிக்கல," என்றார்.  பிறகு, "மொகத்துல வலி ஒண்ணும் தெரியல சார்," என்று சொல்லிவிட்டு அழுதார்.

மாரடைப்பு என்று மருத்துவர் கூறினார். நெடுநாள் வலிதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று துக்க வீட்டில் சிலர் பேசிக்கொண்டனர். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நம் வழக்கறிஞர் சங்கத்தில் அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் எவரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கீரனூரில் ஓர் அறையை நாங்கள் இருவரும் அலுவலகமாகப் பகிர்ந்துகொண்டிருந்தோம். அவருடைய மேசைமீது ஒரு மரப்பெட்டி இருக்கும். அதன்மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுவார். உட்கார்ந்தால் வலது இடுப்பிலிருந்து குதிகால்வரை வலி இறங்கும். நின்றால் ஓரளவு தாங்கலாம். திருச்சியிலும் மதுரையிலும் பலமுறை ஸ்கேன் எடுத்தார். ஒவ்வொரு முறையும் எல்லாம் சீராக இருப்பதாகவே அறிக்கை வந்தது. உறவினர்கள் மகிழ்ந்தனர். "ஒண்ணுமில்லையாமே, நல்லதாப் போச்சு," என்று அவருடைய சித்தி அலுவலகத்திற்கே ஜிலேபி கொண்டுவந்தார். சித்தி போன பிறகு மங்கையர்க்கரசி என்னிடம் சொன்னார்: "ஏதோ ஒண்ணு இருக்குன்னு ஒரு தடவை எழுதிக் குடுத்துட்டாங்கன்னா, நானே ஊருக்கெல்லாம் ஜிலேபி போடுவேன் சார்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பேருந்திலும் நின்றே வருவார். ஒருநாள் நடத்துநர், "பின்னாடி சீட்டு சும்மாத்தானே கெடக்கு, அங்கிட்டுப் போயி ஒக்காருங்கம்மா," என்று வற்புறுத்தினார். "நீங்களுந்தான் நாள் முழுக்க நிக்கிறீங்க. ஒங்கள யாராச்சும் ஏன்னு கேக்குறாங்களா?" என்றார் இவர். அதன்பிறகு அந்த நடத்துநர் அவருக்கு ஒரு கம்பியை ஒதுக்கியே வைத்திருந்தார்.

நீதிமன்றத்தில் அப்படி எளிதாக முடியவில்லை. ஒருவர் வாதாடும்போது மற்றவர் எழுந்தால் குறுக்கிடுகிறார் என்று பொருள். ஆகவே தம் முறை வரும்வரை அவர் பின்னால் போய்ச் சன்னலோரச் சுவரில் சாய்ந்து நிற்பார். திமிர் என்று சிலர் கருதியது நமக்குத் தெரியும். "மேடம் நிக்கிற நிப்பப் பாத்தா அடுத்த எலெக்‌ஷன்ல தலைவர் பதவிக்குத்தான்," என்ற கேலியும் நமக்குத் தெரியும். புதிதாக வந்த நீதிபதி ஒருவர், "ஏதாவது சொல்லணுமா? ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"உட்கார முடியாதுங்க, யுவர் ஆனர். வலி."

"மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?"

"இருக்குங்க. அதுல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு."

அவை சிரித்தது. நீதிபதி அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, நில்லுங்க," என்றார்.

அவர் நடத்திய வழக்குகளுள் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். கட்சிக்காரரின் சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன், பெயரைத் தவிர்க்கிறேன். அவர் ஒரு பெண்; வல்லத்திராக்கோட்டைப் பக்கம் புகுந்த வீடு. சொந்த ஊர் கீரனூருக்கு அருகில். இடுப்பு வலி என்று பொய் சொல்லி வீட்டு வேலையைத் தட்டிக்கழிக்கிறார், இது கொடுமை, ஆகவே மணமுறிவு வேண்டும் என்று கணவர் மனுச் செய்திருந்தார். குறையில்லை என்று கூறும் ஸ்கேன் அறிக்கையே அவருடைய முதன்மைச் சான்று. அந்தப் பெண்ணுக்கோ வீடும் பிள்ளைகளும் மட்டுமல்ல, ஊரார்முன் பொய்க்காரி என்ற பெயரும் அதில் அடங்கியிருந்தது.

எங்கள் அறைக்கு முதன்முதலில் வந்தபோது, நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. இருவரும் நின்றிருக்க நான் மட்டும் அமர்ந்திருப்பது சங்கடமாகி நானும் எழுந்தேன். மங்கையர்க்கரசி காலை மாற்றி ஊன்றுவதையே அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒங்களுக்கு எந்தப் பக்கங்க?" என்று கேட்டார்.

"வலது. ஒங்களுக்கு?"

"எடதுங்க. மழை வந்தா ரெண்டும்."

அவர் சென்ற பின் மங்கையர்க்கரசி பேனாவை மூடி மரப்பெட்டிமேல் வைத்தார். "எல்லாரும் ரிப்போர்ட்டத்தான் கேட்டாங்க சார். எந்தப் பக்கம்னு இவங்கதான் கேட்டாங்க," என்றார்.

அவர் தம் நிலையையும் நீதிமன்றத்தில் குறிப்பிடலாமே என்றேன். "நான் வக்கீல், சாட்சி இல்ல. என் வலியப் பேச ஆரம்பிச்சா அவங்க வலி பின்னாடி போயிரும்," என்று மறுத்துவிட்டார்.

கணவர் தரப்பு மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்த அன்று நான் அவையில் இருந்தேன். இடையில் வலி கடுமையாகப் பிடித்திருக்க வேண்டும். மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு பேச்சை நிறுத்தினார். "மேடத்துக்குக் கேள்வி தீந்துருச்சு போல," என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். "இருக்குங்க. கொஞ்சம் பொறுங்க," என்றார் இவர். பின்னால் அந்தப் பெண் மட்டும் ஓரடி முன்னால் வந்து, தயங்கி, அங்கேயே நின்றார்.

"டாக்டர், இந்த அறிக்கை எதைச் சொல்லுது?"

"எலும்புலயும் ஜவ்வுலயும் பாதிப்பு தெரியலைன்னு சொல்லுது."

"வலி இல்லைன்னு சொல்லுதா?"

மருத்துவர் நேர்மையானவர். "அதை ஸ்கேன் சொல்லாதுங்க," என்றார்.

மேற்கொண்டு மங்கையர்க்கரசி எதுவும் கேட்கவில்லை. பொய் என்று குற்றஞ்சாட்டுபவரே அது பொய் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். கணவர் அதை மெய்ப்பிக்கவில்லை என்று மனு தள்ளுபடியானது. அந்தப் பெண் வலியோடுதான் வீடு திரும்பினார். ஆனால் பொய்க்காரியாகத் திரும்பவில்லை. மங்கையர்க்கரசிக்கு அத்தகைய தீர்ப்பை எவரும் எழுதித் தரவில்லை.

சென்ற வாரம் நம் சங்கத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. வழக்கப்படி அனைவரும் எழுந்து மௌனமாக நின்றோம். அவர் நாள்தோறும் செய்ததை நாம் அனைவரும் சேர்ந்து இரண்டு நிமிடம் செய்தோம்; அதற்குள்ளேயே சிலர் கால் மாற்றியதைக் கவனித்தேன். பிறகு நாற்காலிகள் இழுபடும் ஓசையுடன் எல்லோரும் அமர்ந்தோம். ஒருவர் மட்டும் அமரவில்லை. சன்னலோரச் சுவரில் சாய்ந்தபடி அந்தப் பெண் நின்றிருந்தார். இளம் வழக்கறிஞர் ஒருவர் அவருக்காக நாற்காலியைத் தூக்கினார். வேண்டாம் என்று கையைக் காட்டி அவரைத் தடுத்தேன்.

மங்கையர்க்கரசியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியைத்தான். அதுவும் அவருடையதன்று, அவருக்குக் கிடைத்தது. கூட்டம் கலைந்த பின் அந்தப் பெண்ணருகே சென்று, "இன்னைக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டுந்தாங்க," என்றார். வெளியே மழை இல்லை.