குப்பை வண்டியில படிச்ச ஊர்ச் சரித்திரம்

ஒரு ஊரை அறியவேணுமெண்டால் புத்தகம் தேவையில்லை, கெமைண்ட எண்ட ஊர்ச்சபையில குப்பை அள்ளவும் ஸ்னோ வழிக்கவும் சேர்ந்தால் காணும். என்னைப்போல குளிருக்க நிண்டு மூக்கு வடிக்கிற அண்ணைமாருக்கு இது விளங்கும். நான் வேலை செய்யிறது சுவிசின்ர தெற்கில, வாலிஸ் மலைக்க, ரெண்டு தெருவும் கொஞ்ச மாடும் உள்ள சின்ன ஊரில. பத்து மாரி ஸ்னோ வழிச்சாப்பிறகு சுவிஸ் பாஸுக்கு, அதுதான் குடியுரிமைக்கு, எழுதிப்போட்டன். "ஊரின்ர சரித்திரமும் பூமிசாத்திரமும் கேப்பம், பிழைச்சால் பாஸ் இல்லை" எண்டு கெமைண்டவில இருந்து கடிதம் வந்தது. மனுசி என்னை மேலுங்கீழும் பாத்தா: "அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத உங்களிட்டயோ கேக்கப்போகினம்?"

ஸ்னோவுக்கும் தெரு இருக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் மாரி, மேல்தெரு ஸ்னோவை வழிச்சு, இடம் கிடக்கெண்டு கீழ்தெருவில குவிச்சிட்டன். விடிய ரெண்டு தெருவும் கெமைண்ட வாசல்ல! ஒரு காலம் மேல்தெரு எரிய, கீழ்தெருக்காரர் பிந்தித்தான் வாளி கொண்டுவந்தவையாம், அண்டையில இருந்து ரெண்டு தெருவுக்கும் ஆகாது. பிறந்த ஊரில நான் வேலிச்சண்டை காணாதவனோ? குவிச்ச ஸ்னோ முழுக்கத் திருப்பி வண்டியில ஏத்தினன். என்ர மேலாள் தன்ர தலையில கைவைச்சார்: "ஊரின்ர பழைய சண்டையை ஒரு காலமையில படிச்சிட்டாய்."

தண்ணி முறை

மலையில இருந்து வாய்க்காலால புல்வெளிக்குத் தண்ணி வரும், வீட்டுக்கு வீடு முறை. ஒருநாள் றோட்டில தண்ணி வழியுதெண்டு, நல்லபிள்ளை மாதிரி வாய்க்காலைப் பலகை போட்டு மறிச்சன். மாட்டுக்கார யோசெப் மண்வெட்டியோட ஓடிவந்தார். அண்டைக்கு அவற்ர முறை.

"எங்கட பாட்டன்மார் கயித்தில தொங்கிக்கொண்டு பாறையில வெட்டின வாய்க்கால், தெரியுமோ?"

"தெரியாது. ஆனா வெங்காயத்துக்கு இறைக்கிற கிணத்துமுறை மாறினால் எங்கட ஐயாவும் இப்பிடித்தான் மண்வெட்டியோட ஓடுவார்."

மனிசன் மண்வெட்டியை இறக்கினார். "தண்ணிக்கு அடிபடுறவையெண்டால் நீங்கள் நல்ல சனம்தான்."

அஞ்சு பேருக்கு முன்னால

கெமைண்ட ஆக்கள் அஞ்சு பேர் இருந்து கேட்ட சோதினையில வாய்க்கால், மேல்தெரு நெருப்பு எல்லாம் விளாசித் தள்ளினன். கடைசியில, அதில ஒராள், ஊருக்குப் புதுசா வந்த வாத்தியார், ஊரின்ர கிழக்கெல்லை கேட்டார்.

"ஆத்துக்கு அங்கால, புல்லுக்கொட்டிலுக்குப் பின்னால நிக்கிற கல்லு."

"பிழை. ஆறுதான் எல்லை."

பாஸ் போச்சு! எண்டாலும் விடேல்லை. "மண்சரிவில ஆறுதான் இடம் மாறினது வாத்தியார், கல்லு மாறேல்லை. ஸ்னோ வண்டியால ரெண்டு தரம் அதில இடிச்சவன் நான்."

கெமைண்டத் தலைவர் அம்மா வரைபடத்தை விரிச்சு, கண்ணாடியைப் போட்டு, கனநேரம் பாத்தா; எல்லைக்கோடு கல்லடியிலதான் கிடந்தது. பேந்து வாத்தியாரைப் பாத்தா: "இவருக்கு ஓம் போடுவம். நீங்கள் ஒருக்கா இவற்ர வண்டியில ஏறிச் சுத்திப் பாருங்கோ."

சிவப்புப் பாஸ் கைக்கு வந்தும் விடியவெள்ளன எழும்பி ஸ்னோ வழிக்கிறது நான்தான், ஆனா இப்ப வழிக்கிறது என்ர ஊர் ஸ்னோ.