நான்கடித் தொலைவில் ஒரு நாற்காலி

மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்காருபாளையத்து மாம்பழங்கள் சித்தூர்ச் சந்தையில் வந்து குவியும் வைகாசித் திங்களில் நிகழ்ந்தது இது. வெள்ளிக்கிழமை, கதிரவன் சாயும் வேளை. சித்தூரில் நான் குடியிருக்கும் வாடகை மாடியின் கூடத்தில் எட்டுப் பேர் அமர்ந்திருந்தனர். நான் வழக்கம்போல் சமையலறை வாயிலில் நின்றிருந்தேன். என் மனைவி மறைந்து அன்றோடு ஓராண்டு நிறைந்திருந்தது.

அவள் யூத சமயத்தவள். கொங்கணக் கடற்கரையில் பிறந்து, மருத்துவப் பணிக்காகச் சித்தூருக்கு வந்தவள். நான் திருப்பதியில், தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பாசுரம் ஓதும் வைணவக் குடும்பத்தில் பிறந்து, அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். எங்கள் திருமணத்தை ஏற்க இரு வீட்டாருக்கும் நெடுநாள் ஆயிற்று. எங்களுக்கு மக்கட்பேறு இல்லை.

இப்பக்கத்தில் யூதர் உண்டா என்று வியப்பவர் பலர். ஒன்பதின்மர் இருந்தனர். ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் பணிபுரிய மும்பையிலிருந்து வந்த இளம் பொறியாளர் பெண்ணும் அவள் கணவரும், புத்தூரில் வாழும் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியரும் அவர் மனைவியும், இன்னும் நால்வர், என் மனைவி. சீர்திருத்த நெறியினர் ஆதலின் ஆணும் பெண்ணும் அடுத்தடுத்தே அமர்வர். வெள்ளி மாலைதோறும் எங்கள் கூடத்தில் கூடுவர். வழிபாட்டை நடத்துபவள் என் மனைவி.

என் பங்கு ஒன்றே. காலையில் உலர்திராட்சையை ஊறவைத்து, மாலையில் பிழிந்து சாறெடுத்து வைப்பேன். மதுவுக்கு மாற்றாக அதைத்தான் அவர்கள் வாழ்த்திப் பருகுவர். அவள் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி, கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டு ஓதுவாள். கைகளை விலக்கியதும் ஒரு கணம் என்னைப் பார்ப்பாள். சாறு ஆயத்தமா என்று கேட்கிறாள் எனக் கொண்டு நானும் தலையசைப்பேன். வழிபாடு முடிந்து, தேங்காயும் வெல்லமும் பிசைந்த அவலை எல்லாருக்கும் பகிரும்போதுதான் கூடத்துக்குள் செல்வேன்.

முதல் வெள்ளியன்றே, “நீங்களும் வந்து உட்காருங்களேன்” என்றாள். கருவறைப் படியைத் தாண்டாமல் வாழ்நாள் முழுதும் வெளியே நின்று ஓதியவர் என் தந்தையார். அதைச் சொல்லி, தனக்கு உரிமையில்லாத வழிபாட்டில் எல்லையறிந்து நிற்பதே மரியாதை என்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். “சரி” என்றாள். மறுபடி அழைக்கவில்லை.

அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு நாற்காலி ஆளின்றி இருக்கும். அதன் காரணத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. வரவிருக்கும் தீர்க்கதரிசிக்கு யூதர் ஓர் இருக்கையை ஒதுக்கிவைப்பர் என்று ஒரு நூலில் படித்திருந்தேன். அது போதும் எனக்கு. அவள் மறைந்த பின்னும் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது.

அந்த நினைவுநாளுக்கு வருவோம். இறந்தவர்க்காகக் காதிஷ் என்றொரு வேண்டுதலை ஓதுவர். வியப்பு என்னவெனில், அதில் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. முழுதும் இறைவனின் புகழே. பத்துப் பேர் கூடவேண்டும் என்னும் பழைய விதியை இச்சிறு குழு தளர்த்திக்கொண்டிருந்தது. ஆயினும் துக்கத்தார் ஒருவர் எழுந்து தொடங்கவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தனர். அப்படி அவளுக்கு இருந்தவன் நான் ஒருவனே.

இரயில்வேக்காரர்தாம் பேச்செடுத்தார்.

“சாமி, உள்ள வாங்க. நேரமாவுது.”

“நான் புறத்தவன். தங்களுள் யாரேனும் ஓதுங்கள். இங்கிருந்தே கேட்கிறேன்.”

“நாங்க ஆமென் சொல்லுவோம் சாமி. எடுத்துக் குடுக்க ஊட்டு மனுசன் வேணாமா?”

“அமரவும் இடமில்லையே.”

“இது இன்னா, இடமில்லியா?” என்று அந்த வெற்று நாற்காலியைத் தட்டினார்.

“அது தீர்க்கதரிசிக்கு உரிய இருக்கை அன்றோ?”

கூடம் ஒரு நொடி திகைத்தது. பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். “யாருக்கு? அட சாமி! அதெல்லாம் எப்பனா ஒரு சடங்குக்குத்தான். வாராவாரம் யாரு போடுவா? டாக்டரம்மா இத உங்களுக்குப் போட்டுக்கினு இருந்தாங்க!”

“சும்மா இரேன்யா” என்று அவர் மனைவி தொடையில் இடித்தார்.

“இன்னா சும்மா இரு? பதினோரு வருசம்மா! அவங்க கையாலயே தொடச்சிப் போடுவாங்க. இவரு அந்தக் கதவப் புடிச்சிக்கினே நிப்பாரு. நாம கூப்புடலாம்னா, ‘அது அவரோட ஆசாரம், சங்கடப்படுத்தாதீங்க’ன்னுட்டாங்க. நமக்கு இன்னா தெரியும்?”

சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு தானே அடங்கிற்று.

பொறியாளர் பெண் தன் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாளொன்றை எடுத்தாள்.

“அங்கிள், இது ஆன்ட்டி குடுத்தது. ஹாஸ்பிடல்ல இருக்கும்போது. நீங்க உள்ள வந்தா குடுக்கணும். வரலைன்னா, இப்படி ஒண்ணு இருக்குன்னே சொல்லக் கூடாதுன்னாங்க. நான் இப்பவே சொல்லிட்டேன்.”

நான் கை நீட்டினேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க இன்னும் உள்ள வரலை.”

சமையலறை வாயிலிலிருந்து அந்த நாற்காலிக்கு நான்கடி. அன்றுதான் அதை நடந்து அளந்தேன்.

தாளில் காதிஷின் பழைய அரமேய மொழிச் சொற்கள் முழுவதும் தமிழ் எழுத்தில் இருந்தன. அவளுக்கு அவ்வெழுத்துகளைக் கற்பித்தவன் நான். நோயால் நடுங்கிய கை. எனினும் வரிகள் கோணவில்லை. இடையிடையே சிறிய கோடிட்டு, ‘இங்கே மூச்சு வாங்குங்கள்’ என்று குறித்திருந்தாள். வேறு சில இடங்களில், ‘இங்கே நிறுத்துங்கள். அவர்கள் ஆமென் சொல்வார்கள்.’

எழுந்து நின்று ஓதினேன். மேடைகளில் தடுமாறாத நா அன்று இரண்டாம் வரியிலேயே தடுமாறிற்று. அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். எட்டுக் குரல்களும் ஒருசேர ஆமென் என்றன. புகழை மட்டுமே சொல்லும் அவ்வரிகளைக் கண்ணீரோடு சொல்லி முடித்தேன்.

பொறியாளர் பெண்ணும் கணவரும் பின்னர் புனேவுக்கு மாறிச் சென்றனர். வேறு இருவரும் தம் பிள்ளைகளோடு வாழப் போய்விட்டனர். இப்போது என்னோடு ஐவர்தாம் கூடுகிறோம். புத்தூரிலிருந்து அந்தத் தம்பதியர் வந்துவிடுகின்றனர். படியேறும்போதே, “தீர்க்கதரிசி உள்ள இருக்காரா?” என்று இரயில்வேக்காரர் குரல் கொடுப்பார். நான் அந்த நாற்காலியிலேதான் அமர்ந்திருப்பேன்.

ஒரு சொல் கேட்டிருந்தால் தெரிந்திருக்கக் கூடியதை ஏட்டில் தேடிக் கண்டதாக நிறைவடைந்திருந்தேன். அவளோ என் மரியாதையை மதித்து, அதற்குமேல் ஒன்றும் கேளாதிருந்துவிட்டாள். இன்றும் வெள்ளிதோறும் திராட்சையைப் பிழிந்துவிட்டு அந்த நான்கடியைக் கடந்து அமர்கையில், கண்களிலிருந்து கையை விலக்கி அவள் என்னைப் பார்த்த அத்தனை மாலைகளிலும் கேட்டது சாற்றைப் பற்றியன்று என்பது நெஞ்சில் வந்து நிற்கிறது. நானோ ஒவ்வொரு முறையும், எல்லாம் ஆயத்தம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தேன்.