பூதக்கண்ணாடிக்குப் பிறந்தது

தட்டோடு தரையில் உட்காரும்போதே அவளுக்கு மூக்கு விடைத்துவிடும். எதிரே இரண்டேகால் வயது மகள். கரண்டியில் வருவதை அது முதலில் தலையைச் சாய்த்துப் பார்க்கும், பிறகு விரல் நுனியால் கிளறிப் பார்க்கும். மசித்த உருளைக்கிழங்கில் கேரட்டின் நிறம் ஒரு துளி தெரிந்தால் போதும், "வேணா" என்று உதட்டைப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது. "தின்னு தொலையேன்டி" என்பாள் இவள், பல்லைக் கடித்துக்கொண்டு. சொன்ன கையோடு, இப்படியொரு வார்த்தை வந்துவிட்டதே என்று தன் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொள்வாள். கோபம் மட்டும் இறங்காது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவள் மேஜைக்குத்தான் வரும். ஒவ்வொன்றையும் உட்புறம் வெளியே வரப் புரட்டி, கட்டைவிரல் நகத்தைத் தையல் மேல் ஓட்டிக்கொண்டே போவாள். நூல் விட்ட இடத்தில் நகம் தானாக நின்றுவிடும். சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரைக் கிழித்து அங்கே ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தைக்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அவளுக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. "என் கையத் தாண்டி ஒரு ஓட்டை வெளிய போகட்டும், நான் வேலைய விட்டுர்றேன்" என்பாள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது குழந்தையைப் பற்றிப் புலம்பிவிட்டாள். பட்டன் வைக்கிற பெண் சும்மா இருக்காமல், "உங்களுக்குப் பொறந்தது வேற எப்படிக்கா இருக்கும்? நீங்க சட்டையத் திருப்பி அனுப்புறீங்க, அது சோத்தத் திருப்பி அனுப்புது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணின் சட்டைகள் பதினொன்று அம்பு ஒட்டிக்கொண்டு திரும்பிப் போயின. அநியாயமாக ஒன்றுகூட இல்லை. ஆனால் வேறு ஒருநாளாக இருந்தால் நாலைந்தைக் கண்டும் காணாமல் விட்டிருப்பாள்.

மகளின் சட்டங்களை எழுதி வைத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் காணாது. முட்டையில் வெள்ளை மட்டும். சோறு என்றால் வெறும் சோறு, அதுவும் பக்கத்தில் இருக்கிற எதன் மேலும் படாமல். பச்சையாக எது இருந்தாலும் அது பூச்சி. வாழைப்பழம் முழுசாக இருக்க வேண்டும். உரிக்கும்போது நுனி முறிந்துவிட்டால் "ஒட்டு, ஒட்டு" என்று கேட்டுத் தரையில் புரளும். முறிந்த பழத்தை எந்தத் தாய் ஒட்டித் தருவாள்? இவள் ஒருநாள் ஒட்டியும் பார்த்தாள், பல் குத்தும் குச்சி ஒன்றைச் செருகி. அது குச்சியைக் கண்டுபிடித்துவிட்டது.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. தேன் தொட்டுக் கொடு என்றார்கள், பட்டினி போடு என்றார்கள், ஃபோனைக் காட்டி ஊட்டு என்றார்கள். "எல்லாரும் வாயாலயே ஊட்டுறாங்க, கையால ஊட்டத்தான் ஒருத்தரையும் காணோம்" என்று அவள் குழாயடியில் பாத்திரத்திடம் சொல்லுவாள். பாத்திரங்கள் அவளிடம் படாத பாடு படும். ஆனால் இது அவள் பிறந்த வீட்டுக்குப் புதிதல்ல. அவளுடைய சின்ன மாமா, அதாவது அவள் அம்மாவின் கடைசித் தம்பி, ஏழு வயதுவரை ரொட்டியின் ஓரத்தைத் தொட்டதில்லை. இன்று லாரி ஓட்டுகிறார், வண்டி ஏறினால் இருக்கை முனகுகிறது. அவர் மகளோ பாலைக் கண்டாலே வாந்தி எடுத்தவள். இப்போது இரட்டைக் குழந்தைகளுக்கு அம்மா. புருஷன் வீட்டுப் பக்கமும் ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் அந்தக் கதையை அவர்கள் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

போன மாதம் தடுப்பூசி போட்ட இடத்தில் நர்ஸ் எடை பார்த்தாள். ஒன்பது கிலோ எண்ணூறு. "ஒல்லிவாகுதான். ஓடுது, ஆடுது, பேசுது. பயப்படாதீங்க" என்றாள். புருஷன் வாய்வழி கேட்ட இந்தச் சொல்லில் எடையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டவள் நாத்தனார். புருஷனுக்கு அக்கா, ரயிலில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கிறவள், மூன்று பையன்களையும் தூண் தூணாக வளர்த்தவள். உடனே ஃபோன் வந்தது. குழந்தையை மூன்று மாதம் தன்னிடம் விட வேண்டும், பன்னிரண்டு கிலோ ஆக்கித் தருவேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. "அவ கையில ஊட்டுற ராசி இல்லடா" என்று சொன்னதும் ஸ்பீக்கரில்தான் வந்தது. புருஷன் முழங்காலைத் தடவிக்கொண்டு, மூணு மாசந்தானே என்று முனகினான். தன் கையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று இவளுக்கே ஒரு சந்தேகம் விழுந்திருந்தது. கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிடுகிற நிலைமையில்தான் அந்த வாரம் முழுக்க நடமாடினாள்.

சனிக்கிழமை துணி ஊற வைக்க உட்கார்ந்தாள். துவைக்கிற துணியானாலும் கையில் வந்தால் புரட்டிவிடுவாள், அது பழக்கதோஷம். மகளின் நீலக் கவுனைப் புரட்டினாள், பைத் தையலில் நகத்தை ஓட்டினாள். நகம் நின்றது. நூல் விட்டிருக்கவில்லை. நறநறவென்று ஏதோ இருந்தது. முகர்ந்து பார்த்தாள். பிஸ்கட் தூள். அடுத்ததைப் புரட்டினாள், அதிலும் தூள். ஐந்து கவுன்கள், ஐந்தும் வேலை நாளில் போட்டவை, ஐந்திலும் தூள். அவள் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைக் கவுன் மட்டும் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

புருஷன் பஸ் கண்டக்டர். விடிகாலை ஷிப்ட் முடித்து ஒரு மணிக்கு வந்து, காப்பகத்திலிருந்து குழந்தையை அழைத்து வருவது அவன் வேலை. இவள் வருவதற்கு ஆறு மணியாகிவிடும். ஈரக் கையோடு எழுந்து போய் அவன் டிக்கெட் பையைத் திறந்தாள். அடியில், மடித்து ரப்பர் பேண்ட் போட்ட கிரீம் பிஸ்கட் பாக்கெட். நான்கு மணிக்கு நான்கு பிஸ்கட்டாம். குழந்தை நடுவில் இருக்கும் கிரீமை மட்டும் நக்கிவிட்டு, பிஸ்கட்டைக் கவுன் பையில் போட்டுக்கொள்ளுமாம். அதை அவன் பிறகு எடுத்துத் தின்றுவிடுவானாம். கிரீம் தீர்ந்தால் பாட்டில் நிறையச் சர்க்கரைப் பால். அழுதால் அவனுக்குத் தாங்கவில்லையாம். தலையைக் குனிந்துகொண்டு இவ்வளவும் சொன்னான்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"பிஸ்கட் குடுத்தீங்க, சரி. பெத்தவரு, குடுப்பீங்க. உங்க அக்கா என் கைய நொட்டை சொன்னப்ப உங்க வாயிலயும் பிஸ்கட்டா இருந்துச்சு?"

"அக்காகிட்ட எப்படிச் சொல்றது..."

"பஸ்ஸுல அம்பது பேருக்கு நடுவுல 'உள்ள போ, உள்ள போ'ன்னு கத்துற வாய்தானே அது?"

அவன் முழங்காலைத் தேடினான். அவள் அந்தக் கையைப் பிடித்து எடுத்து விட்டாள். "நாளைக்கு உங்க அக்கா வருவாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்கதான் சொல்றீங்க" என்றாள். ஐந்து கவுன்களையும் துவைக்காமல், புரட்டியது புரட்டியபடியே கூடையில் எடுத்து வைத்தாள். இரவு அவள் இன்னும் இரண்டு பாத்திரத்தை நெளித்தது தனிக் கதை.

நாத்தனார் மறுநாள் காலையில் ஒரு பெரிய காலிப் பையோடு வந்தாள். குழந்தையின் துணிமணிக்கு. வந்து உட்கார்ந்ததும் குழந்தையின் தொடையைக் கிள்ளிப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது, எலும்பைத் துணியால் சுற்றி வைத்திருக்கிறீர்கள் என்றாள். இவள் தம்ளரை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். புருஷன் தொண்டையைக் கனைத்தான். பிரயாணம் சௌகரியமா என்றான். கூட்டமா என்றான். மறுபடி கனைத்தான். இவள் காத்திருந்தாள், பார்த்தாள், பிறகு கூடையைக் கொண்டுவந்து நாத்தனார் மடிமேல் வைத்தாள்.

"பாக்கெட்டுல கை விட்டுப் பாருங்க அண்ணி. என்னன்னு உங்க தம்பி சொல்லுவாரு."

நாத்தனார் ஒரு கவுனில் விட்டாள், இன்னொன்றில் விட்டாள். விரல் நுனித் தூளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் அப்போதுதான் சொன்னான், "நான்தான்க்கா. தினமும். அவ மேல தப்பில்ல."

"நீயாடா?" காலிப் பையாலேயே அவன் தலையில் ஒன்று போட்டாள். "உங்கிட்ட வேற என்னத்த எதிர்பாக்குறது. நாலு வயசு வரைக்கும் சர்க்கரை டப்பாவுக்குள்ளதானே குடித்தனம் பண்ண. அம்மா உன் பின்னாடி தட்டத் தூக்கிட்டு ஓடி ஓடியே இளைச்சுப் போனா."

இந்தக் கதை கலியாணமாகி ஆறு வருஷத்தில் இன்றுதான் இவள் காதில் விழுகிறது. அதற்கும் சேர்த்து மூக்கு விடைத்தது. நாத்தனார் லேசில் விடுகிறவள் இல்லை. இருந்தாலும் எடை எடைதான், வந்தது வந்தேன், கூட்டிக்கொண்டே போகிறேன் என்று இழுத்தாள்.

"எடை ஏறுனா இங்கதான் ஏறும், அண்ணி. இறங்குனாலும் இங்கதான் இறங்கும். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க."

பை காலியாகவே கதவோரம் போய்ச் சேர்ந்தது.

மதியம் குழந்தைக்குத் தட்டு வைத்தாள். நேற்று முதல் பிஸ்கட் இல்லை, பாட்டில் இல்லை. அப்படியே அள்ளி அள்ளித் தின்றுவிடும் என்று புருஷன் நினைத்தான். நாத்தனாரும் நினைத்தாள். அது ஐந்து வாய் வாங்கியது. ஆறாவதில் பட்டாணி ஒன்று நாக்கில் தட்டிவிட்டது. முகம் கோணி, அரைத்தது பாதி அரைக்காதது பாதியாக, அம்மாவின் உள்ளங்கையில் துப்பியது. நாத்தனார் வாயைத் திறக்கப் போனாள். இவள் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, கண்ணை எடுக்காமலே, உள்ளங்கையில் இருந்ததைத் தன் வாயில் போட்டு மென்றாள்.